அரைக் கிரவுனுக்கு மேல் வாங்கவில்லை

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை 10.22 மணி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் பிள்ளைகள் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அப்போது வெளிப்படிக்கட்டுக்கு அடியில் வைக்கப்பட்டிருந்த டைனமைட் வெடித்தது. வைத்தவர்கள் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைச் சேர்ந்தவர்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் ஆகிய மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நேருக்கு 11. நால்வரும் இறந்துபோனார்கள். அவர்களோடு இருந்த இன்னொரு சிறுமியின் முகத்தில் கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்ததில் ஒரு கண் நிரந்தரமாகப் போனது.

1911இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் அது. வரைபடம் போட்டவர் வாலஸ் ரேஃபீல்ட் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். கறுப்பின மக்கள் தங்கள் காசில் கட்டி, தங்கள் கூட்டங்களை நடத்திக்கொண்ட இடம். 1963 மே மாதம் சமவுரிமை கேட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனதும் இந்த ஆலயத்திலிருந்துதான். குண்டு வைத்தவர்கள் இடத்தைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள்.

வெடிப்பில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் சிதறின. ஒன்று மட்டும் சட்டத்தோடு நின்றது. குழந்தைகளோடு இருக்கும் கிறிஸ்துவின் உருவம் அதில். உடம்பெல்லாம் அப்படியே இருக்க, முகம் மட்டும் பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த முகமில்லாத கிறிஸ்துவின் புகைப்படம் உலகம் முழுவதும் போனது.

இந்த ஆலயத்துக்குப் புதிய ஜன்னல் ஒன்று வந்த கதையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பழைய ஆலயங்களின் ஜன்னலைச் சரிசெய்ய ஊர் மக்கள் பணம் சேர்ப்பது பல நாடுகளில் நடக்கும் காரியம்தான். ஆனால் யாரிடம், எவ்வளவு, எதற்காக வாங்குகிறோம் என்ற முடிவு அந்த ஜன்னலின் தன்மையையே எப்படி மாற்றும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

ஜான் பெட்ஸ் என்ற கலைஞர், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டின் கார்மார்தன்ஷயரில், லான்ஸ்டெஃபன் என்ற கடலோரக் கிராமத்தில் வாழ்ந்தார். லண்டனில் பிறந்து வேல்ஸில் வேரூன்றியவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மனசாட்சியின் பேரில் மறுத்து, காயம்பட்டோருக்கு மருத்துவ உதவி செய்யும் பிரிவில் பணியாற்றியவர். மரச்செதுக்கு ஓவியமும் கண்ணாடி ஓவியமும் அவருடைய தொழில். பர்மிங்காம் செய்தியை வானொலியில் கேட்டதும், ஒரு தகப்பனாக அந்தப் பிள்ளைகளின் சாவு தன்னை உலுக்கியது, ஒரு கைவினைஞராக அந்த ஜன்னல்கள் நொறுங்கியதும் உலுக்கியது என்று பின்னாளில் ஒரு பதிவில் சொன்னார். தன்னால் ஆகக்கூடியது என்ன என்று யோசித்தவருக்கு, கையில் இருந்த தொழில்தான் பதிலாகத் தோன்றியது: ஒரு ஜன்னல் செய்து கொடுப்பது.

கார்டிஃபிலிருந்து வெளிவரும் 'வெஸ்டர்ன் மெயில்' நாளிதழின் ஆசிரியர் டேவிட் கோலை அழைத்துப் பேசினார். கோலுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. பத்திரிகை வழியாக நிதி திரட்டலாம் என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். ஒருவர் அதிகபட்சம் அரைக் கிரவுன்தான் கொடுக்கலாம். பணக்காரர் எவரும் முழு ஜன்னலுக்கும் பணம் கட்டிவிடக் கூடாது, இது வேல்ஸ் மக்கள் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அரைக் கிரவுன் என்றால் இரண்டரை ஷில்லிங். ஒரு பவுண்டில் எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் நூறு பவுண்டு சேர வேண்டுமென்றால் குறைந்தது 800 பேர் கொடுத்தாக வேண்டும். நிதி திரட்டுபவர்கள் பொதுவாகச் செய்வதற்கு இது நேர் எதிர். முதலில் பெரிய தொகை தரக்கூடிய நாலு பேரைப் பிடி, பாதித் தொகை சேர்ந்த பிறகு பொதுமக்களிடம் போ என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லும் வழக்கமான பாடம். அதற்குக் காரணமும் உண்டு. சிறு தொகைகளை வாங்கி, எண்ணி, கணக்கெழுதி, ரசீது கொடுக்கும் வேலை மிகப் பெரியது. கோல் இதையெல்லாம் அறியாதவர் அல்ல. ஆனாலும் உச்சவரம்பு வைத்தார்.

விளைவு என்ன? பணம் விரைவாகச் சேர்ந்தது. கார்டிஃபின் துறைமுகப் பகுதியான டைகர் பேயில் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாக வரிசையில் நின்று கைக்காசைக் கொடுத்தார்கள். சோமாலியா, ஏமன், மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன் என்று பல கடற்கரைகளிலிருந்து வந்த மாலுமிக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி அது. அரைக் கிரவுன் வைத்திருக்கும் பிள்ளையும் ஆலை முதலாளியும் இந்தக் கணக்கில் ஒரே வரியில் வருகிறார்கள். நம் ஊர் சபைகளில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் பிடி அரிசிக் காணிக்கையைப் போல, இங்கே அளவைவிடக் கொடுக்கும் கைகளின் எண்ணிக்கைதான் பொருட்டு.

வேல்ஸ் மக்களுக்கு இந்த வழி புதிதும் அல்ல. அந்த நாட்டின் சமூக வாழ்க்கை இருநூறு ஆண்டுகளாகச் சிற்றாலயங்களைச் சுற்றித்தான் இயங்கியது. அரசுத் திருச்சபையிலிருந்து விலகிய மெத்தடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் சுயாதீன சபையாரும், சுரங்கக் கிராமம், கல்குவாரிக் கிராமம் என்று பார்க்காமல் எங்கும் தங்கள் சிற்றாலயங்களைச் சொந்தக் காசில் எழுப்பினார்கள். 1872இல் அபரிஸ்ட்வித் நகரில் வேல்ஸின் முதல் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபோது அரசு உதவி இல்லை. 1875இல் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் 'பல்கலைக்கழக ஞாயிறு' என்று அறிவித்து, நாடு முழுவதும் சிற்றாலயங்களில் காணிக்கை எடுத்தார்கள். ஏழைகளின் பென்னிக் காசில் எழுந்த கல்லூரி என்று இன்றும் வேல்ஸ் மக்கள் அதைப் பெருமையோடு சொல்வார்கள். கோல் வைத்த அரைக் கிரவுன் வரம்பு இந்த மரபிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் வேல்ஸ் தொழிலாளர்களுக்கு எட்டாத செய்தியாக இருக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன் 1920களின் இறுதியிலிருந்தே வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களோடு தோழமை கொண்டவர். அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்துவைத்திருந்த காலத்தில், 1957 அக்டோபரில், போர்த்கால் நகரில் நடந்த சுரங்கத் தொழிலாளர் கலைவிழாவுக்கு அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்தே பாடினார். அரங்கமே எழுந்து பதில் பாட்டுப் பாடியது. அது நடந்து ஆறு ஆண்டுகள்கூட முடியாத நிலையில்தான் பர்மிங்காம் செய்தி வந்தது.

பெட்ஸ் செய்த ஜன்னல் 1965இல் ஆலயத்தில் நிறுவப்பட்டது. மேல்மாடத்தில், பிரசங்க மேடைக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. கைகளை அகல விரித்து, தலை சாய்த்து நிற்கும் கறுப்பினக் கிறிஸ்து. வலது கை வெறுப்பையும் அநீதியையும் தள்ளி நிறுத்துகிறது. இடது கை மன்னிப்பை நீட்டுகிறது. தலைக்கு மேல் வானவில். அடியில், 'எனக்கே செய்கிறீர்கள்' என்று பொருள் தரும் சொற்கள். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் வசனத்திலிருந்து எடுத்தவை. "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு நீங்கள் எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்" என்பது தமிழ் வேதாகமத்தில் நாம் படிக்கும் வரி. அன்றைய அலபாமாவில் ஓர் ஆலயத்தில் கிறிஸ்துவைக் கறுப்பராகக் காட்டுவது சாதாரண முடிவல்ல. கொடுத்தவர் யார் என்ற இடத்தில் தனி மனிதர் எவரின் பெயரும் கிடையாது. வேல்ஸ் மக்கள் கொடுத்தது என்பது மட்டும்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வண்ணக் கண்ணாடி ஜன்னலின் நீண்ட வரலாற்றில் பணம் கொடுத்தவர் படத்துக்குள் வந்துவிடுவதுதான் வழக்கம். இங்கிலாந்தின் யார்க் பேராலயத்தில் இருக்கும் கிழக்குப் பெருஜன்னலைப் பாருங்கள். 1405 முதல் 1408 வரை மூன்றே ஆண்டுகளில் ஜான் தார்ன்டன் என்ற கலைஞர் தன் பட்டறையாட்களோடு செய்து முடித்தார். அவருக்குக் கிடைத்த மொத்தக் கூலி 56 பவுண்டு. செலவை ஏற்றவர் டர்ஹம் ஆயர் வால்டர் ஸ்கர்லா. ஜன்னலின் அடிவரிசை நடுவில் அவரே மண்டியிட்டு நிற்கிறார். உலகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் படத்தில் அவருக்கும் ஓர் இடம்.

பணம் கொடுப்பவர் தன் உருவத்தை வைப்பதோடு நின்றால் பெரிய கேடில்லை. தன் அரசியலை வைக்கும்போதுதான் சிக்கல். வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் 1953இல் இரண்டு ஜன்னல்கள் வைக்கப்பட்டன. அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென் மாநிலங்களின் தளபதிகள் ராபர்ட் லீயும் ஸ்டோன்வால் ஜாக்சனும் அவற்றில் புனிதர்களைப் போல நின்றார்கள். இதற்காக முயன்று பணமும் கொடுத்தது, அந்தத் தரப்பின் வாரிசுப் பெண்கள் நடத்திய ஒரு சங்கம். 2017இல் அவற்றைக் கழற்றினார்கள். 2023 செப்டம்பரில் அதே இடத்தில் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற கறுப்பின ஓவியர் வடிவமைத்த ஜன்னல்கள் வந்தன. நீதி கேட்டு நடக்கும் மக்கள் கூட்டம் அவற்றில் இருக்கிறது. அவர் கூலியாக வாங்கிக்கொண்டது 18 டாலர் 65 சென்ட். அடிமை முறை முடிவுக்கு வந்த 1865ஆம் ஆண்டை நினைவூட்டும் தொகை. பதினாறாம் தெரு ஆலயத்து ஜன்னலுக்கும் இதற்கும் இடையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். இரண்டிலும் தொகையே ஒரு பேச்சாக இருக்கிறது.

சரி, ஜன்னல் வந்துவிட்டது. அதன் பிறகு?

பொதுமக்களிடம் நிதி கேட்கும் குழுக்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். புதிய ஜன்னலுக்கு மனம் இளகிக் கொடுப்பார்கள். பழைய ஜன்னலைப் பராமரிக்கக் கேட்டால், கண்ணாடி நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். கண்ணாடி நன்றாகத்தான் இருக்கும். கெடுவது பெரும்பாலும் அதைப் பிடித்து நிற்பவைதான்.

ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் எப்படி நிற்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். சிறு சிறு கண்ணாடித் துண்டுகளை இரண்டு பக்கமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளுக்குள் செருகி, பட்டைகள் சந்திக்கும் இடங்களைப் பற்றவைக்கிறார்கள். இடுக்கில் மழைநீர் புகாமல் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் கலந்த மக்கை வைத்து அடைக்கிறார்கள். இப்படிச் செய்த பலகங்களைக் குறுக்கே போகும் இரும்புக் கம்பிகளில் செம்புக் கம்பியால் கட்டி நிறுத்துகிறார்கள். ஈயம் மென்மையான உலோகம். பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, காற்றழுத்தத்தில் முன்னும் பின்னும் அசைந்து, நூறு, நூற்றைம்பது ஆண்டில் களைத்துவிடும். பற்றவைத்த மூட்டுகளின் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் வரும். மக்கு காய்ந்து உதிரும். பலகம் தன் பாரத்தைத் தாங்க முடியாமல் வயிறு தள்ளும். அந்த வளைவில் கண்ணாடி நசுங்கி உடையும். இதற்கிடையில் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, அதைப் பிடித்திருக்கும் கல்லையே பிளக்கும்.

ஓவியம் அழிவது தனி நோய். முகம், மடிப்பு, நிழல் எல்லாம் கண்ணாடிமேல் தீட்டிய கோடுகள். உலோக ஆக்சைடையும் கண்ணாடித் தூளையும் குழைத்துத் தீட்டி, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட்டால் அந்தத் தீட்டு கண்ணாடியோடு உருகி ஒட்டும். சரியாகச் சுட்டால் பல நூற்றாண்டு நிற்கும். 1860கள், 70களில் இங்கிலாந்தின் சில பட்டறைகள் குறைந்த வெப்பத்திலேயே உருகட்டும் என்று வெங்காரம் கலந்த தீட்டைப் பயன்படுத்தின. ஈரம் பட்டதும் அது கரைந்து உதிரத் தொடங்கியது. அந்தக் காலத்து ஜன்னல்கள் பலவற்றில் உடை இருக்கும், கை இருக்கும், முகம் மட்டும் வெறும் வெளிர்க் கண்ணாடியாக இருக்கும். மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும், மெல்லிய கோடுகள் மிகுதியாக இருப்பது முகத்தில்தான்.

சரிசெய்வது எப்படி? முதலில் ஒவ்வொரு பலகத்தையும் இருக்கும் நிலையிலேயே புகைப்படம் எடுத்து, எண்ணிட்டு, எங்கே என்ன பழுது என்று வரைபடத்தில் குறிக்கிறார்கள். சாரம் கட்டிக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். திறப்பில் அதுவரை சாதாரணக் கண்ணாடியோ பலகையோ அடைபடும். உப்பு நீக்கிய நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால், தீட்டு உதிராத இடங்களில் மட்டும், அங்குலம் அங்குலமாகத் துடைக்கிறார்கள். உடைந்த கண்ணாடியின் விளிம்புகளைத் தெளிந்த பிசினால் ஒட்டுகிறார்கள். முன்பெல்லாம் உடைந்த இடத்தில் இன்னொரு ஈயப் பட்டையைக் குறுக்கே வைத்துவிடுவார்கள். ஒரு முகத்தில் நாலு உடைப்பு என்றால் நாலு கறுப்புக் கோடு விழுந்து படமே தெரியாமல் போகும். ஈயம் தாங்கும் நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் புதுப்பட்டை. பிறகு வெளிப்பக்கம் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. மழையையும் காற்றையும் அது வாங்கிக்கொள்ளும். பழைய ஜன்னலை அதற்குள்ளே சற்றுத் தள்ளி, ஆலயத்தின் உட்காற்று இரண்டு பக்கமும் சுற்றிவரும்படி தொங்கவிடுகிறார்கள். அப்போது கண்ணாடியில் நீர் வியர்ப்பது குறையும்.

ஒரு முக்கியமான விதி இந்தத் தொழிலில் உண்டு: இன்று செய்வதை நாளை வருபவர் அவிழ்க்க முடிய வேண்டும். மறைந்துபோன முகத்தைப் பழைய கண்ணாடியின் மேலேயே மீண்டும் தீட்டிச் சுடக் கூடாது. பழைய புகைப்படமோ மூல வரைபடமோ இருந்தால், மெல்லிய இன்னொரு கண்ணாடியில் முகத்தைத் தீட்டிப் பழையதற்குப் பின்னால் பொருத்தலாம். இல்லையென்றால் கற்பனையில் ஒரு முகத்தைக் கொண்டுவர நல்ல பட்டறை எதுவும் ஒப்புக்கொள்ளாது. நன்கொடை கொடுத்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பணம் கொடுத்தோமே, புதிதுபோல் மின்ன வேண்டாமா என்று கேட்பார்கள். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் குழுவுக்குத்தான் முடிவில் நல்ல பெயர்.

செலவு எப்படி ஏறுகிறது என்பதும் இதிலிருந்து புரியும். முன்னே சொன்ன யார்க் ஜன்னலில் 311 பலகங்கள். 2008இல் கழற்றத் தொடங்கி 2018இல்தான் கடைசிப் பலகம் திரும்பப் போனது. செலவு சுமார் 1.15 கோடி பவுண்டு. தார்ன்டன் மூன்று ஆண்டில் செய்ததைச் சரிசெய்ய மூன்று மடங்கு காலத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. ஒரு கிராமத்துச் சிற்றாலயத்தில் இந்த அளவு வராதுதான். ஆனால் அங்கே வேறு பிரச்சினை. வேலை சிறியதாக இருந்தாலும் சாரம் முழு உயரத்துக்குக் கட்டியாக வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும், நிபுணரின் ஆய்வறிக்கை வேண்டும். பலகங்கள் பட்டறையை எட்டும் முன்பே கணிசமான பணம் போயிருக்கும். இதைத் தெரியாமல், கண்ணாடி வேலைக்கு வாங்கிய மதிப்பீட்டை மட்டும் வைத்து இலக்கை அறிவிக்கும் குழு, பாதி வழியில் மறுபடியும் கையேந்த நேரிடும்.

பிரிட்டனில் இதற்கான நடைமுறை நன்றாக வளர்ந்திருக்கிறது. வருமான வரி கட்டுபவர் ஒரு பவுண்டு கொடுத்தால், அறக்கட்டளை வரித்துறையிடமிருந்து இன்னொரு 25 பென்ஸ் கேட்டு வாங்கலாம். தேசிய லாட்டரியின் மரபுரிமை நிதி, தேசிய ஆலயங்கள் அறக்கட்டளை போன்றவற்றிடம் விண்ணப்பிக்கலாம். பாதுகாக்கப்பட்ட வழிபாட்டுத் தலங்கள் பழுதுபார்ப்புக்குக் கட்டிய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெற 2001இல் ஒரு திட்டம் வந்தது. 2025இல் அதற்கு ஓர் ஆலயத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு போட்டார்கள். வரி 20 சதவீதம். அதாவது 1,25,000 பவுண்டுக்கு மேல் வேலை நடந்தால், அதற்கு மேற்பட்ட வரியை ஊர் மக்கள் சேர்த்த காசிலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது. பெரிய வேலை இருந்த சிறிய சபைக்கு இது கடுமையான அடியாக இருந்தது.

பெரிய நிதி நிறுவனங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது உள்ளூரில் எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்கும். சிறு காணிக்கையின் இன்னொரு பலன் இது. அறுநூறு பேர் ஐந்தைந்து பவுண்டு கொடுத்த பட்டியல், இந்தக் கட்டடம் இங்குள்ளவர்களுக்கு வேண்டும் என்பதற்கு எழுத்துச் சான்று. ஒரே ஒருவர் மூவாயிரம் கொடுத்தால் தொகை அதேதான், சான்று கிடையாது.

சில குழுக்கள் ஜன்னலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று 'தத்தெடுக்க' விடுகிறார்கள். நல்ல உத்திதான், பிள்ளைகள் ஆர்வமாகச் சேர்வார்கள். ஆனால் முகத்தையும் சிறகையும் எல்லோரும் கேட்பார்கள், ஓரத்து வெள்ளைக் கண்ணாடி விலைபோகாது. விலையில் ஏற்றத்தாழ்வு வைத்தால் மறுபடியும் பணம் உள்ளவர் முகத்தை எடுத்துக்கொள்கிறார். என்னைக் கேட்டால், துண்டுகளைக் குலுக்கல் முறையில் கொடுக்கலாம், விலை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அடுத்தது, ஜன்னலுக்கு என்று வாங்கிய பணம். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று கேட்டு வாங்கிய நன்கொடையை அதற்குத்தான் செலவிட வேண்டும் என்பது சட்டம். நியாயமும் அதுதான். ஆனால் ஆலயத்தில் தண்ணீர் பெரும்பாலும் கூரையின் நீர்வடிகால் வழியாகத்தான் வருகிறது. அது சுவரில் இறங்கி, ஜன்னல் சட்டத்தின் கல்லை ஊறவைத்து, இரும்பைத் துருவேற்றுகிறது. கூரையை விட்டுவிட்டு ஜன்னலை மட்டும் சரிசெய்தால் இருபது ஆண்டில் மறுபடியும் அதே கதை. கூரைக்கு என்று கேட்டால் யாருக்கும் மனம் வராது, ஜன்னலுக்குத்தான் வரும். அதனால் நோட்டீஸ் அடிக்கும்போதே 'ஜன்னலுக்கும் அதைப் பாதுகாக்கத் தேவையான கட்டட வேலைக்கும்' என்று எழுதிவிட வேண்டும். வேலை முடிந்து மிச்சம் வந்தால் அது எங்கே போகும் என்பதையும் அதே நோட்டீஸில் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கவனம் ஏன் தேவை என்பதற்கு வேல்ஸிலேயே ஒரு வலி நிறைந்த உதாரணம் இருக்கிறது. பர்மிங்காம் ஜன்னல் நிறுவப்பட்டு ஓராண்டு கழித்து, 1966 அக்டோபர் 21 அன்று, அபர்ஃபான் கிராமத்தின்மேல் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 17.5 லட்சம் பவுண்டு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1,50,000 பவுண்டை, ஊருக்கு மேல் மிஞ்சியிருந்த கழிவு மேடுகளை அகற்றும் செலவுக்கென்று 1968இல் அரசு வாங்கிக்கொண்டது. மேட்டைக் குவித்தது அரசின் நிலக்கரி வாரியம். பிள்ளைகளை இழந்த ஊருக்கு வந்த பணம் அதை அகற்றப் போனது. 1997இல்தான் அந்த 1,50,000 வட்டியில்லாமல் திரும்பி வந்தது. 2007இல் வேல்ஸ் அரசு மேலும் 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. சிறு கைகள் கொடுத்த பணத்தை வேறு வழிக்குத் திருப்பினால் அந்தக் காயம் எத்தனை ஆண்டு ஆறாமல் கிடக்கும் என்பதை அபர்ஃபான் மக்களிடம்தான் கேட்க வேண்டும்.

பதினாறாம் தெரு ஆலயம் இன்றும் வழிபாடு நடக்கும் ஆலயம். 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. 2017இல் பர்மிங்காம் சமவுரிமைப் போராட்ட தேசிய நினைவிடம் அறிவிக்கப்பட்டபோது அதன் பகுதியிலும் சேர்ந்தது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். ஆனால் கட்டடத்தைக் காக்கும் அன்றாடப் பொறுப்பு ஒரு சபையின் தோளில்தான் இருக்கிறது. 1965இல் வைத்த ஈயத்துக்கு இப்போது அறுபது வயது. நல்ல ஈயமாக இருந்தால் இன்னும் பல பத்தாண்டு நிற்கும். இப்போதே பலகங்களை நுண்ணிய தரத்தில் படமெடுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டி, அதற்கென்று ஒரு சிறு வைப்பு நிதி போட்டுவைப்பது எந்த ஆலயத்துக்கும் நல்லது. இப்படிப்பட்ட நிதிக்கு உருக்கமான கதை சொல்ல முடியாது. அதனால்தான் முதல் வேண்டுகோள் விடும்போதே, மக்கள் மனம் திறந்திருக்கும்போதே, பராமரிப்புப் பங்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தள்ளிப்போட முடியாத இன்னொரு விஷயம், வேலை செய்யும் கைகள். பிரிட்டனில் அருகிவரும் கைத்தொழில்களைப் பட்டியலிடும் 'ஹெரிடேஜ் கிராஃப்ட்ஸ்' அமைப்பு, 2023இல் வெளியிட்ட சிவப்புப் பட்டியலில் மரபு வண்ணக் கண்ணாடி ஜன்னல் தொழிலை ஆபத்தில் இருப்பதாகச் சேர்த்தது. வாயால் ஊதித் தட்டையாக்கும் கண்ணாடித் தகடு செய்வது அந்த நாட்டில் அடியோடு நின்றுபோனதாகவும் அதே பட்டியல் சொன்னது. இயந்திரத்தில் வார்த்த கண்ணாடி சீராக இருக்கும். ஊதிச் செய்ததில் குமிழியும் அலையும் தடிப்பு வேறுபாடும் உண்டு, அதனால்தான் அதில் ஒளி உயிரோடு நகர்கிறது. பழைய ஜன்னலில் ஒரு துண்டு போய்விட்டால் அதற்கு ஈடாக வைக்க இந்தக் கண்ணாடிதான் வேண்டும். இன்றைக்கு அதற்கு ஜெர்மனியின் வால்ட்சாசன் நகரிலிருக்கும் லாம்பர்ட்ஸ் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சில பட்டறைகளை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. 2023இல் ஜெர்மனி, பிரான்ஸ், செக் குடியரசு, ஸ்பெயின், ஹங்கேரி, பின்லாந்து ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து கொடுத்த விண்ணப்பத்தின் பேரில், கையால் கண்ணாடி செய்யும் தொழிலை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்ததால் சூளை எரியாது, ஆர்டர் வந்தால்தான் எரியும்.

அதனால் ஜன்னலுக்குப் பணம் சேர்க்கும் குழு, பட்டறையோடு ஒப்பந்தம் போடும்போது இரண்டு செலவுகளைக் கூடுதலாக எழுதிக்கொள்ளலாம். ஒன்று, அந்த வேலை நடக்கும் காலத்துக்கு ஒரு பயிற்சியாளரின் சம்பளம். இன்னொன்று, பயன்படுத்தும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தகடு அதிகமாக வாங்கி, எந்தப் பட்டறை, எந்த ஆண்டு, எந்தப் பலகத்துக்கு என்று சீட்டு ஒட்டி ஆலயத்திலேயே பத்திரப்படுத்துவது.